இரண்டு வைரங்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரம்

"அசையாதீங்க!"

அவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கால் வாசற்படியில்... இன்னொரு கால் பட்டறைக்குள், தரையைத் தொடாமல் அந்தரத்தில்.

வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. தலை நனையாமல் ஒதுங்கினால் போதும் என்று கண்ணில் பட்ட முதல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவன். உள்ளே ஒருத்தி இப்படி அதட்டுவாள் என்று யார் கண்டது?

"மேடம், மழைக்கு ஒதுங்கலாம்னுதான்..."

"ஒதுங்குங்க, வேணாம்னு சொல்லல. காலை மட்டும் கீழே வைக்காதீங்க. கல்லு பறந்துடுச்சு!"

வைரம் பட்டை தீட்டும் இடங்களில் இது எழுதாத சட்டம். சுழலும் இரும்புச் சக்கரத்தின் மேல் கல்லைக் கவ்வியில் பிடித்து அழுத்தும்போது, சில சமயம் அது நழுவித் தெறித்துவிடும். 'கல்லு பறந்துச்சு' என்று ஒரு குரல் எழுந்தால் போதும்... சக்கரம் நிற்கும், பேச்சு நிற்கும், யாரும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். அது கிடைக்கிறவரை எல்லோரும் சிலைதான். அவளுடைய அப்பா தன் சக்கரத்தின் முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் கல் பிரித்துக்கொண்டிருந்த அத்தை, கையில் இடுக்கியோடு சிலையாக இருந்தாள்.

அவள் மட்டும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துக்கொண்டு தவழ்ந்து வந்தாள். ஒரு கண்ணில் லென்ஸ். அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே 'லென்ஸ்'தான், குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள் என்று அத்தை கேலி செய்வாள். அவன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. ஷூவைப் பார்த்தாள், அடியைப் பார்த்தாள், பேன்ட் மடிப்பைப் பார்த்தாள்...

"கிடைச்சுடுச்சு!"

மடிப்பில் உட்கார்ந்திருந்த மழைத்துளிகளில் ஒன்று மட்டும் உருளாமல் நின்றது. அதை இடுக்கியால் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஒரு கண் அளவாக, அழகாக... இன்னொரு கண் லென்ஸுக்குள் இவ்வளவு பெரிதாக. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறினான் பாவம். ஒற்றைக் காலில் நின்றவனால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? பொத்தென்று உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்த சின்ன டப்பா திறந்து, உள்ளே இருந்தது தரையெல்லாம் சிதறியது.

"ஆழம் தெரியாம காலை விட்டுட்டாரு தம்பி" என்றாள் அத்தை.

அவள் சிதறியதில் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் மாறியது.

"இது... வைரமாச்சே."

"ஆமாங்க."

"உடைஞ்சிருக்கு!"

"ஆமாங்க. நான்தான் உடைச்சேன்" என்றான் அவன், ஏதோ தேங்கிய தண்ணீரை மிதித்துவிட்டது போல.

அப்பாவின் நாற்காலி கிரீச்சிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் தன் கையில் ஒரு கல்கூட உடைந்ததில்லை என்று, கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்கிறவர் அவர். அன்றைக்கே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார். உடைசல்!

*

மழை விடவில்லை. தேநீர் வந்தது. அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறானாம். நட்சத்திரங்களைப் பற்றிய வேலையாம். ஜன்னல் கண்ணாடி மாதிரி இரண்டு வைரம் வேண்டும், இரண்டு பக்கமும் மட்டமாக, ஒரு கீறல் இல்லாமல். வழக்கமாகத் தீட்டிக் கொடுக்கிற இடத்தில் மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்கள்.

"நீங்க செஞ்சு தர முடியுமா? ஒரு ஜோடி."

"ஜோடி வைரமா..." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'யாருக்கோ தோடு செய்யப் போகிறானோ?' என்று மனசு ஏனோ கேட்டது. மேலே அவன் சொன்ன அளவெல்லாம் சரியாகக் காதில் ஏறவில்லை. "செஞ்சுடலாம் சார்."

கல் அவர்களுடையது, உழைப்பு இவளுடையது. வைரத்தில் ஒரு திசையில் தேய்த்தால் தேயும், இன்னொரு திசையில் சக்கரமே தேய்ந்துபோகும். அந்தத் திசை பிடிபடும்வரை சண்டை போட்டு, பிடிபட்டபின் சிரித்துக்கொண்டு, இரண்டையும் தீட்டி முடித்தாள். இரட்டைக் குழந்தைகள்தான்! எடையில், அகலத்தில், கனத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

வந்து பார்த்தவன் தலையைச் சொறிந்தான்.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா... ஒண்ணு மெல்லிசா, ஒண்ணு தடிப்பா இருக்கணும்."

"அப்புறம் எப்படி அது ஜோடி?"

"நான் அன்னிக்கே சொன்னேனே."

"நீங்க எங்க சொன்னீங்க? ஜோடின்னு சொன்னீங்க. ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கணும். இங்க யாரைக் கேட்டாலும் அதான் சொல்வாங்க!"

"எங்க ஜோடி வேற மாதிரி. மெல்லிசு முன்னாடி நின்னு வெளிச்சத்தை வாங்கி உள்ள அனுப்பும். தடிப்பு பின்னாடி நின்னு தாங்கும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ரெண்டுமே உதவாது."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் வந்தது. வெடுக்கென்று ஒரு கல்லைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்தாள். மெல்லிசாக... இன்னும் மெல்லிசாக... பிடித்திருக்கும் விரலின் ரேகை தெரிகிற அளவுக்கு.

அதை வாங்கிக்கொண்டு போனவன் அடுத்த வாரமே வந்து நின்றான்.

"இன்னொரு ஜோடி வேணுமே."

"ஏன்? அது என்னாச்சு, தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல... ஆவியாயிடுச்சு."

"எது?"

"வைரம்தான். லேசரால சுட்டோம். ரெண்டும் போயிடுச்சு."

அவள் சக்கரத்தை நிறுத்தினாள், லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கண்கள் இரண்டும் ஒரே அளவில், ஒரே அளவு நனைந்திருந்தன. வைரத்தைத் தீட்டியவளுக்கு, அது எங்கேயோ யார் காதிலோ விரலிலோ மின்னிக்கொண்டிருக்கும் என்ற நினைப்புதானே கூலி?

"என் கல்லை உடைக்கறதுக்கா நான் உட்கார்ந்து தீட்டினேன்?"

அவன் பதறிப்போனான். "உட்காருங்க... ப்ளீஸ். எதுக்குன்னு சொல்றேன். சொன்னப்புறம் திட்டுங்க."

*

"நெரிசலான பஸ்ல நடுவுல மாட்டியிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தான்.

"தினமும்."

"எப்படி இருக்கும்?"

"மூச்சு முட்டும். வேர்க்கும். சுத்தி இருக்கறவங்க எல்லாம் நம்ம மேலதான் சாய்வாங்க."

"நட்சத்திரத்தோட நடுவுல அதான். மேல இருக்கற அத்தனை எடையும் உள்ள பார்த்து அமுக்கும். அமுக்க அமுக்கச் சூடு. சூடானா உள்ள இருக்கறது சும்மா இருக்காது..."

"முழங்கையால இடிக்கும்!"

"அதேதான்! வெளியிலேர்ந்து அமுக்கறதும் உள்ளேர்ந்து இடிக்கறதும் சரிக்குச் சரி. அதனாலதான் நட்சத்திரம் வெடிக்கவும் இல்ல, நசுங்கவும் இல்ல. கோடிக்கணக்கான வருஷம் நிக்குது. ஆனா அந்த அழுத்தத்துல, அந்தச் சூட்டுல, பொருள் நமக்குத் தெரிஞ்ச பொருளா இருக்காது. அணுவைச் சுத்தி இருக்கற எலக்ட்ரான் எல்லாம் பிய்ச்சிக்கிட்டு ஓடிடும்."

"எனக்கும் பஸ்ல ரெண்டு பட்டன் தெறிச்சிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரித்தான். அடடா, சிரித்தால் இப்படி இருக்குமா இந்த முகம்? அவள் அவசரமாகத் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள்.

"நான் பார்க்கறது வயசான நட்சத்திரம். உள்ள அடுப்பு அணைஞ்சுபோனது. ஒரு பெரிய நட்சத்திரம் சுருங்கி இவ்வளவூண்டா ஆயிருக்கும். அங்க நெரிசல்னா நெரிசல், சூடு இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணும் அசையாது. சூடாக்கினா விரியாது, ஆறினா சுருங்காது."

"எங்க அப்பா" என்றாள் அவள், மெல்ல.

பின்னால் அப்பா கனைத்தார். இருவரும் குனிந்துகொண்டார்கள்.

"அது மெதுவா ஆறிக்கிட்டே இருக்கும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சிலதுக்கு மேல ஒரு ஹீலியம் போர்வை உண்டு. அந்தப் போர்வை எவ்வளவு சூட்டை வெளிய விடுதுன்னு தெரிஞ்சாத்தான், அது எத்தனை காலமா ஆறுதுன்னு கணக்குப் போட முடியும். அதுக்கு என்ன வயசுன்னு சொல்ல முடியும். அங்க போய்ப் பார்க்க முடியாது இல்லையா? அதனால, உங்க ரெண்டு வைரத்துக்கு நடுவுல ஒரு பொட்டு ஹீலியத்தை வச்சு நெரிச்சு, அதுமேல லேசரைப் பாய்ச்சறோம். ஒரு கணம்கூட இல்ல, அதுல கோடில ஒரு பங்கு... அந்த நேரத்துக்கு அந்தப் பொட்டு ஹீலியம் நட்சத்திரத்துல இருக்கும். வேற எந்தக் கல்லும் அவ்வளவு தூரம் தாங்காது. வைரம் மட்டும்தான் தாங்கி, வெளிச்சத்துக்கும் வழிவிட்டு... அப்புறம் போகும்."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த வயசான நட்சத்திரம் ஆறி ஆறிக் கடைசியில என்னாகும்?"

"உள்ள இருக்கற கரியும் ஆக்சிஜனும் படிகமா உறைஞ்சுபோகும். கிட்டத்தட்ட ஒரு பெரிய வைரம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்."

"அவ்வளவு பெரிய கல்லு! அதை யார் பட்டை தீட்டறது?"

"நீங்க வரீங்களா?"

கேட்டுவிட்டானே தவிர, கேட்டவுடன் அவன் காது சிவந்துவிட்டது. அவள் லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அடுத்த ஜோடி எப்போ வேணும்?" என்றாள், ரொம்பக் கறாராக.

*

அதற்குப்பின் அவன் வந்த காரணங்களை வரிசைப்படுத்தினால் சிரிப்பு வரும். கல் கொடுக்க வந்தான். கல் வாங்க வந்தான். வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தான். எடுத்த குடையை வைத்துவிட்டுப் போக வந்தான். ஒவ்வொரு தடவையும் வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, "வரலாமா, கல்லு ஏதும் பறக்கலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். அவள் சிரிக்கக் கூடாது என்று இருப்பாள். சிரித்துவிடுவாள்.

'இவனுக்கு என்னிடம் என்ன?' என்று யோசித்தாள். 'எனக்கு இவனிடம் என்ன?' என்று யோசிக்கத்தான் பயமாக இருந்தது.

ஒருநாள் அவன் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான். "இதுவரைக்கும் சுட்டதெல்லாம் ஒத்திகை. முழு பலத்தோட சுடறதுக்கு முறை கிடைச்சிருக்கு. ஒரே ஒரு தடவை. மூணு வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருந்தது! இருக்கறதுலேயே நல்ல ஜோடி வேணும்."

அவள் செய்தாள். பார்வை பட்டாலே தேய்ந்துவிடுமோ என்று அவளே பயப்படும் அளவுக்குச் செய்தாள். அவன் அதை டப்பாவில் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனான்.

அன்று அத்தை பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, இந்தத் தம்பி கல்லுக்காக வரலை."

"தெரியும்" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்சா ஊரெல்லாம் அழும். இவன் வெண்ணெய் வேணும்னு தாழியையே உடைக்கறவன்! கையில கொடுத்ததைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவன்கிட்ட என் பொண்ணை எப்படிக் கொடுப்பேன்?"

"அப்பா!"

"நான் வேணாம்னு சொல்லலைம்மா. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை, நீ தீட்டின ஜோடியை முழுசா என் முன்னால கொண்டுவந்து வைக்கட்டும். மறுபேச்சு இல்லாம சம்மதிக்கறேன்."

அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாளே அது அவன் காதுக்குப் போய்விட்டது.

*

லேசர் நாள் வந்தது. காலையிலிருந்தே தூறல். அவள் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர, மனசெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூன்று மணிக்கு அவனுடைய முறை. 'நல்லபடியா நடக்கணும்... என் கல்லு சொதப்பிடக் கூடாது...'

கதவு திறந்தது. அவன்தான். இன்று காலைத் தூக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நேராக அப்பாவின் மேஜைக்குப் போய் டப்பாவைத் திறந்து வைத்தான். மெல்லிசும் தடிப்பும் முழுசாக, பக்கத்தில் பக்கத்தில்.

அப்பா லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முகம் கனிந்தது.

"உட்காருங்க தம்பி" என்றார். அதுவரை அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. எனக்காக! என்னைக் கேட்டு வந்திருக்கிறான்... அடுத்த நொடியே அவன் கண்களைப் பார்த்தாள். சந்தோஷப்படுகிறவன் கண்ணா அது? விளக்கை அணைத்துவிட்டு வந்த வீடு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு உங்க முறையாச்சே" என்றாள்.

"வரலைன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த முறை?"

"கிடைச்சா பார்க்கலாம்." சிரிக்க முயன்றான். "பரவாயில்ல. நட்சத்திரம் எங்க போகப் போகுது?"

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"இப்போ போனா நேரம் இருக்கா?"

"மூணு மணிக்குள்ள போனா... இருக்கு. ஆனா உங்க அப்பா..."

அவள் எழுந்து அப்பாவின் கையருகிலிருந்த டப்பாவை எடுத்து மூடினாள்.

"ஏம்மா, அவர்தான் சொன்ன மாதிரி முழுசா கொண்டுவந்துட்டாரே! நான் சம்மதம்னு சொல்றேன். நீ எங்க எடுத்துட்டுப் போற?"

"உடைக்க."

"என்னது?"

"அப்பா, இதைப் பெட்டியில தூங்கவா தீட்டினேன்? எந்தக் கல்லு எதுக்குன்னு பார்த்துத் தீட்டணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இது இதுக்குத்தான்." டப்பாவை அவன் கையில் வைத்தாள். "இன்னிக்கு எனக்காக இவர் தொழிலை விட்டா, நாளைக்கு இவருக்காக நீ சக்கரத்தை விடுன்னு யாராவது என்கிட்ட சொல்வாங்க. நான் விட மாட்டேன். அப்போ இவர் மட்டும் ஏன் விடணும்?"

பட்டறையில் சத்தமே இல்லை. கல் பறந்தபோதுகூட இவ்வளவு அமைதி இருந்ததில்லை.

அப்பா மெதுவாக எழுந்தார். லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடை எங்க?" என்றார்.

"எதுக்கு அண்ணா?"

"உடைக்கறது உடைக்கறாங்க. ஒழுங்கா உடைக்கறாங்களான்னு நான் பார்க்க வேணாமா?"

*

ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டச் சொன்னார்கள். "பரவாயில்லையே, சுத்தம் தெரிஞ்சவங்க" என்று முணுமுணுத்தார் அப்பா. லேசர் இருக்கும் கூடத்துக்குள் அவன் மட்டும் டப்பாவோடு போனான். பெரிய இரும்புக் கதவு மூடியது. மற்ற மூவரையும் பக்கத்து அறையில், திரைகளுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மெத்தை கிழிந்த நாற்காலிகள், யாரோ பாதி குடித்து வைத்த காபி. நட்சத்திரம் செய்கிற இடம் இப்படியா இருக்கும் என்று அத்தைக்கு ஏமாற்றம்.

அவன் திரும்பி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ எண்ணினார்கள்.

டப்.

அவ்வளவுதான். ஜன்னல் கதவு காற்றில் சாத்திக்கொண்ட அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் அத்தை.

கறுப்புத் திரையில் ஒரு வெளிச்சக் கோடு சாய்வாக ஏறி, ஓரிடத்தில் வளைந்து, அணைந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான். "கிடைச்சுடுச்சு... அந்த வளைவு இருக்கே, அங்கதான் ஹீலியம் மாறுது. மூணு வருஷமா தேடினது..."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் தான் தீட்டிய தடிப்பான கல்லின் வழியாக வந்தது. அந்தக் கல் இப்போது உலகத்தில் இல்லை. வருத்தம் வரும் என்று காத்திருந்தாள்... வரவில்லை. நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

கல் வைத்திருந்த உலோக வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நடுவில் ஓர் ஓட்டை. அப்பா வாங்கி லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சில்லுகூட மிச்சமில்ல" என்றார் கடைசியில். "உடைச்சா இப்படித்தான் உடைக்கணும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வளையத்தை நான் வச்சுக்கலாமா தம்பி?" என்றார் அப்பா. "என் பொண்ணு வேலை."

*

வெளியே நீளமான நடை. அப்பாவும் அத்தையும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா ஜோடியும் ஒரே கனத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று அப்பா அத்தையோடு வழக்கடித்துக்கொண்டு போனார், ஏதோ அத்தைதான் அப்படிச் சொன்னது போல. கண்ணாடி ஜன்னல்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. இவன் நடந்தான். இவள் ஓர் அடி பின்னால்.

"அசையாதீங்க!"

அவன் சட்டென்று நின்றான். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில்.

"ஐயோ, என்ன? கல்லா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீங்க அசைஞ்சா எனக்குச் சொல்ல வராது." அவள் முன்னால் வந்து நின்றாள். லென்ஸ் இல்லை. இரண்டு கண்களும் அவனை மட்டும் பார்த்தன. "அன்னிக்கு மழைக்கு ஒதுங்கினீங்களே... அன்னிலேர்ந்து எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எவ்வளவு வேணா உடைங்க. நான் தீட்டித் தரேன்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. உருளாமல் நின்றது.

"எனக்கு அந்த ஒத்தைக் கால்ல நிக்கும்போதே பிடிச்சுடுச்சு" என்றான். "அதான் விழுந்தேன்... சரி, இப்போ காலைக் கீழே வைக்கலாமா?"

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ரொம்பப் பொறுப்பாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ம்... வைங்க."

அவன் வைத்தான், அவள் காலுக்குப் பக்கத்தில்.